ஹெம்ப் சாகுபடி: கடலூரும் புதுவையும் முதலில் கேட்க வேண்டியவை

கஞ்சாச் செடியை நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட (இதைத்தான் ஹெம்ப் சாகுபடி என்கிறோம்) இந்தியச் சட்டம் 1985-ஆம் ஆண்டிலிருந்தே இடம் கொடுத்திருக்கிறது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இச்செடியைப் பயிரிடுவதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாரும் விதையும் பெறும் தொழில்நோக்கத்துக்காகவும் தோட்டக்கலைக்காகவும் மட்டும், தக்க நிபந்தனைகளோடு சாகுபடியை அனுமதிக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. இந்தியா கையெழுத்திட்ட 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தமும் அதன் 28-ஆம் உறுப்பில் இதே விலக்கை வைத்திருக்கிறது. ஆகவே "ஹெம்ப்பைச் சட்டபூர்வமாக்குங்கள்" என்ற கோரிக்கைக்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. அரசாணையும் விதிமுறைகளும் போதும். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் அப்படியோர் ஆணை வந்தால் அது உழவருக்குப் பயன்படுமா என்பது, சட்டத்தைவிட இங்குள்ள பகல்நேர நீளம், மழைக்காலம், தண்ணீர், நார் உரிக்கும் ஆலை ஆகியவற்றையே அதிகம் சார்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்தைப் பற்றி நம் ஊர்ப் பேச்சில் யாரும் அக்கறையோடு பேசுவதில்லை என்பதால்தான் இக்கட்டுரை.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். சாக்குப்பை தைக்கும் சணலும், பசுந்தாள் உரத்துக்காக நாம் விதைக்கும் சணப்பும் வேறு குடும்பத்துச் செடிகள். ஹெம்ப் என்பது கஞ்சா இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் மயக்கம் தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட ரகங்களின் தொகுதி அது. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் உலர் எடையில் 0.3 சதவீத டிஎச்சியை எல்லையாக வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் கொள்கையும் 2023 முதல் அதே அளவை ஏற்கிறது. இந்தியாவின் 1985 சட்டத்தில் இப்படியோர் எண் இல்லவே இல்லை. 2018-இல் வணிக ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் வழங்கிய முதல் மாநிலமான உத்தராகண்ட், 0.3 சதவீதத்தைத் தன் நிபந்தனையாக வைத்துக்கொண்டது. இமாச்சலப் பிரதேசம் 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்கள் வழியாக முன்னோட்ட ஆய்வு நடத்த ஒப்புதல் அளித்தது. இவை இரண்டும் மலை மாநிலங்கள்; கஞ்சாச் செடி அங்கே தானாகவே முளைக்கும், அதன் விதையில் சட்னி அரைப்பதும் நாரில் கயிறு திரிப்பதும் குமாவுன், கட்வால் வீடுகளில் பழக்கம். நமக்கு அந்தப் பழக்கமும் இல்லை, அந்தச் செடியும் இல்லை.

சட்டத்தில் இன்னொரு முரண் இருக்கிறது. கஞ்சா என்று சட்டம் வரையறுப்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவுப் பொருள்களாக விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் ஒப்புதல் தந்தது. எனவே ஹெம்ப் எண்ணெயைப் புதுச்சேரிக் கடையில் வாங்கலாம், வெளிநாட்டு நூலால் நெய்த ஹெம்ப் சட்டையை அணியலாம். அவற்றுக்கான செடியை மட்டும் பாகூரிலோ பண்ருட்டியிலோ நட முடியாது. நட்டால் 20-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். நுகர்வுக்கு இசைவும் உற்பத்திக்குத் தடையும் இருக்கும் இந்த நிலை, விவசாயிக்குப் போகக்கூடிய வருவாயை இறக்குமதியாளருக்கும் பிற மாநிலத்தவருக்கும் தள்ளிவிடுகிறது என்ற வாதம் நியாயமானது. நான் அதை ஏற்கிறேன்.

ஆனால் அந்த வருவாய் எவ்வளவு என்று சொல்லும்போது மிகை புகுந்துவிடுகிறது. ஹெம்ப்பால் ஏக்கருக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று சுற்றிவரும் கணக்குகளில் பெரும்பாலானவை, பூவிலிருந்து எடுக்கப்படும் சிபிடி என்ற மருந்துப் பொருளின் அமெரிக்க விலையை அடிப்படையாகக் கொண்டவை. நம் 14-ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் மட்டுமே கதவைத் திறக்கிறது. பூவைப் பறித்துச் சாறெடுக்கும் தொழில் அதற்குள் அடங்காது. அமெரிக்காவிலும் அந்தச் சந்தை நிலைக்கவில்லை. அந்நாட்டு வேளாண் துறையின் கணக்குப்படி ஹெம்ப் விளைச்சலின் மதிப்பு 2021-இல் 82.4 கோடி டாலர். அடுத்த ஆண்டிலேயே அது 23.8 கோடி டாலராகச் சரிந்தது. சிபிடிக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் பயிரிட்டதும் வாங்குவோர் அதற்கேற்பப் பெருகாததும் இதற்குப் பெருங்காரணம். நார்ப்பயிரின் வருவாய் இதைவிட மிகவும் குறைவு; பருத்தி, மணிலா (நிலக்கடலை), சவுக்கு ஆகியவற்றோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

இனி, இக்கட்டுரையின் மையமான பகல்நேரக் கேள்விக்கு வருவோம். ஹெம்ப் குறும்பகல் தாவரம். பகல் நீளமாக இருக்கும்வரை உயர்ந்துகொண்டே போகும். பகல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்ததும் வளர்ச்சியை நிறுத்திப் பூக்கும். நாருக்கான பல ரகங்களில் அந்த எல்லை ஏறத்தாழ 14 மணி நேரம். ஐரோப்பாவில் மிக அதிகமாக ஹெம்ப் விளைவிக்கும் பிரான்சின் வடபகுதியில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தை எட்டுகிறது. ஆகவே அங்கே ஏப்ரல், மே மாதங்களில் விதைத்த செடி கோடை முழுவதும் தண்டாக உயர்ந்து, இரண்டு மூன்று மீட்டர் தாண்டிய பிறகே பூக்கிறது. கடலூரும் புதுச்சேரியும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளன. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 45 நிமிடம். மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் ஐரோப்பிய ரகத்துக்கு இது எப்போதும் பூக்கும் காலம்தான். முளைத்த சில வாரங்களிலேயே முழங்கால் உயரத்தில் பூத்து நிற்கும் செடியில் உரிப்பதற்கு நார் இருக்காது.

இது உழவரின் திறமையாலோ உரத்தாலோ தீரக்கூடிய குறை அல்ல. செடியின் மரபில் உள்ள கடிகாரம். ஆகவே பிரான்சிலிருந்தோ கனடாவிலிருந்தோ சான்றுபெற்ற விதையை இறக்குமதி செய்து விநியோகிப்பதாக யாராவது திட்டம் போட்டால், அது முதல் பருவத்திலேயே தோற்கும். உத்தராகண்டின் மலை ரகங்களும் நமக்கு நேரடியாகப் பொருந்தும் என்று கொள்ள முடியாது. அந்த மாநிலம் நம்மைவிட ஏறத்தாழப் பதினெட்டுப் பாகை வடக்கே இருக்கிறது, அங்கே கோடைப் பகல் 14 மணி நேரத்தைத் தொடும். வெப்பமண்டலத்துக்கு நெருக்கமான ரகங்களை நாடுவதே வழி. சீனத்தின் தென்பகுதியான யுன்னான் மாகாணத்தில் தாமதமாகப் பூக்கும் நார் ரகங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. தாய்லாந்தின் வடமலைப் பகுதிகளில், அங்குள்ள மோங் மக்கள் தலைமுறைகளாக நெசவுக்கு வளர்த்துவந்த செடிகளிலிருந்து டிஎச்சி குறைந்த ஆர்பிஎஃப் வரிசை ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இவையும் நம்மைவிட வடக்கே உள்ள நிலங்களுக்கு உரியவையே. இங்கே தை, மாசியில் விதைத்து எவ்வளவு உயரத்தில் பூக்கின்றன, நம் வெயிலில் டிஎச்சி எல்லையைத் தாண்டுகிறதா என்பதை நம் மண்ணில் நட்டுத்தான் அறிய வேண்டும். அந்தச் சோதனைகளின் முடிவு வரும்வரை ஏக்கருக்கு இத்தனை டன் என்று யார் சொன்னாலும் அது ஊகம்.

எண்ணெய்க்கான விதைப்பயிர் சற்றே எளிது. குட்டையாகப் பூத்தாலும் நெருக்கி விதைத்தால் விதை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஹெம்ப் விதையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் எண்ணெயும் 20 முதல் 25 சதவீதம் வரை புரதமும் இருக்கின்றன. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் மணிலா ஆட்டும் செக்குகளும் ஆலைகளும் ஏற்கெனவே உள்ளன. எண்ணெய் பிழிவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. என் கருத்தில் இவ்வட்டாரத்தில் ஹெம்ப் என்று ஒன்று வருமானால் அது விதைப்பயிராகத் தொடங்குவதே அறிவுடைமை.

மழையும் மண்ணும் அடுத்து வருகின்றன. ஹெம்ப் வேரில் தண்ணீர் தேங்குவதைச் சகிக்காது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளின் களிமண் நெல்லுக்கு உரியது. அங்கே இந்தப் பயிரைப் பேசுவதே வீண். பண்ருட்டி, விருத்தாசலம், நெய்வேலி சுற்றுவட்டாரத்தின் வடிகால் உள்ள செம்மண் மேட்டுநிலங்கள்தாம் பொருத்தமானவை. ஆனால் ஆடிப் பட்டத்தில் விதைத்தால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் போய் மாட்டிக்கொள்ளும். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டியின் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை இவ்வட்டாரத்தார் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் கரையோர ஊர்களை மூழ்கடித்தது. மூன்று மீட்டர் உயரத்தில் நெருங்கி நிற்கும் மெல்லிய தண்டுப் பயிர் அத்தகைய காற்றில் மிஞ்சாது. எனவே மழை ஓய்ந்தபின் இறவையில் தை, மாசியில் விதைத்து வைகாசிக்குள் அறுப்பதே நடைமுறைக்கு ஒத்தது. கரும்புக்கு ஓராண்டுப் பயிர்க்காலத்தில் 1500 முதல் 2500 மில்லிமீட்டர் வரை தண்ணீர் தேவைப்படும்போது, ஹெம்ப்புக்குப் பருவம் முழுவதும் 500 முதல் 700 மில்லிமீட்டர் போதும் என்பது உண்மையான சாதகம். கரும்புப் பணம் நிலுவையில் நின்று அலைந்து சலித்தவர்கள், நிலத்தடி நீர் கீழே போய்விட்டதால் குழாயை மேலும் மேலும் இறக்கியவர்கள் ஆகியோருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

பூச்சிமருந்தே வேண்டாம் என்று சொல்லப்படுவதை மட்டும் அப்படியே நம்ப முடியாது. நார்ப்பயிர் அடர்த்தியாக வளர்ந்து களையை நெரித்துவிடும் என்பது சரி. விதைப்பயிரின் நிலை வேறு. அமெரிக்க ஹெம்ப் வயல்களில் பூவைத் தின்னும் காய்ப்புழுவுக்கு மிக நெருங்கிய உறவான பச்சைக் காய்ப்புழு நம் பருத்தியிலும் துவரையிலும் ஆண்டாண்டாகக் குடியிருக்கிறது; பக்கத்து வயலில் புதிய பூங்கொத்து கிடைத்தால் அது ஒதுங்கிப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நாரைப் பிரிப்பதில்தான், ஹெம்ப் பசுமைப் பயிர் என்ற சுற்றுச்சூழல் வாதம் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. அறுத்த தண்டை ஊறப்போட்டு, நாரை ஒட்டவைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் கரைத்த பிறகே நார் கழன்றுவரும். ஐரோப்பாவில் தண்டை வயலிலேயே பரப்பிவிடுவார்கள். பனியின் ஈரத்தில் சில வாரங்களில் அது ஊறிவிடும். நம் சித்திரை, வைகாசி வெயிலில் அந்த ஈரம் கிடைக்காது. அப்படியானால் குளத்திலோ ஓடையிலோ ஊறப்போட வேண்டியிருக்கும். அந்தத் தண்ணீரில் உயிர்வளி தீர்ந்துபோய் மீன்கள் செத்து மிதக்கும். சிப்காட் கழிவால் பல ஆண்டுகளாகத் துன்பப்பட்டுவரும் உப்பனாற்றின் மாவட்டத்தில், "பசுமைப் பயிர்" என்ற பெயரோடு இன்னொரு நீர்நிலையைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. தொட்டிகளில் ஊறவைத்து நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதையோ, இயந்திரத்தால் உலர்நிலையிலேயே நாரைப் பிரிப்பதையோ உரிமத்தின் நிபந்தனையாகவே வைக்க வேண்டும். நாருரிக்கும் இயந்திர ஆலை பெருமுதலீடு கேட்கும். தண்டோ எடைக்கு மிஞ்சிய பருமன் கொண்டது, நெடுந்தூரம் லாரியில் ஏற்றினால் வாடகையே விலையைத் தின்றுவிடும். ஆகவே ஆலை மாவட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அதற்குத் தீனி போடும் அளவுக்குச் சுற்றிலும் பயிர் இருக்க வேண்டும். ஆலை இல்லாமல் பயிரும் பயிர் இல்லாமல் ஆலையும் வராத இந்த இடத்தில்தான் பல நாடுகளில் நார் ஹெம்ப் முயற்சிகள் நின்றுபோயிருக்கின்றன.

ஆலை அமைந்துவிட்டால் பொருளை வாங்குவோர் இவ்வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. தண்டின் உலர் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் நார். மிச்சம் உள்ளே இருக்கும் தக்கை. நாரை மென்மையாக்கிப் பருத்தியோடு கலந்து நூற்கும் முறை உலகில் நடைமுறையில் இருக்கிறது. 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலையின் வழிவந்த ஏஎஃப்டி பஞ்சாலை 2020-இல் மூடப்பட்டபின் புதுச்சேரியில் பெரிய நூற்பாலைகளின் காலம் முடிந்துவிட்டது. ஆகையால் நூற்பு கோவை, திருப்பூர்ப் பக்கமே நடக்கும். குறிஞ்சிப்பாடியின் கைத்தறிகள் அந்த நூலை நெய்து பார்க்கலாம். புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடத்துக்கு நீண்ட நாருள்ள மூலப்பொருள் புதிய விஷயமல்ல. தக்கையைச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவராக வார்க்கும் முறை வெப்பத்தைத் தடுக்கும். மண் கட்டுமானத்தில் அனுபவம் மிகுந்த ஆரோவில்லில் அதைச் சோதிக்கத் தகுந்த கைகள் உண்டு. அச்சுவர் பாரம் தாங்காது என்பதையும், தூண்களும் விட்டங்களும் தனியே வேண்டும் என்பதையும், கடலோர ஈரக்காற்றில் பூஞ்சையும் கரையானும் என்ன செய்யும் என்பதை நம் ஊரிலேயே பார்த்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கரியமிலவாயுவைப் பற்றிய கணக்கும் இந்தத் தக்கையில் வந்துதான் முடிகிறது. ஒரு ஹெக்டேர் ஹெம்ப் 9 முதல் 15 டன் வரை கரியமிலவாயுவை உறிஞ்சும் என்று ஐரோப்பிய ஆணையம் குறிப்பிடுகிறது. ஆண்டுப் பயிர் உறிஞ்சியது, அந்தப் பயிர் மட்கினாலோ எரிந்தாலோ காற்றுக்கே திரும்பிவிடும். சுவராகவும் பலகையாகவும் பல்லாண்டு நிற்கும் பங்கு மட்டுமே சேமிப்பு. மண்ணிலுள்ள கன உலோகங்களை இச்செடி இழுத்துக்கொள்ளும் என்பதால் சிப்காட் சுற்றுப்புற நிலங்களைச் சுத்தம் செய்ய உதவும் என்ற கருத்தும் இங்கே பேசப்படத் தக்கது. செர்னோபில் பகுதியில் 1990-களின் இறுதியில் இதற்காகவே ஹெம்ப் நட்டுப் பார்த்தார்கள். ஆனால் அப்படி வளர்ந்த செடியின் விதையை எண்ணெய்க்கு விட்டுவிடக் கூடாது. நஞ்சை இழுக்கும் பயிரும் உணவுக்கான பயிரும் ஒரே நிலத்தில், ஒரே உரிமத்தில் கலக்க இடங்கொடுத்தால், மண்ணில் இருந்த நஞ்சை நாமே தட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆவோம்.

காவல்துறையின் தயக்கத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது சரியல்ல. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வரும் கஞ்சாவைத் தடுக்க 2021 இறுதியிலிருந்து தமிழ்நாடு காவல்துறை தொடர் வேட்டைகளை நடத்திவருகிறது. களத்தில் பயன்படும் சோதனைப் பெட்டி கஞ்சாவா என்று காட்டுமே தவிர, டிஎச்சி 0.3 சதவீதமா 3 சதவீதமா என்று சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். புதுச்சேரி எல்லை இதை மேலும் சிக்கலாக்குகிறது. பாகூர் கொம்யூனின் வயல்களும் கடலூர் மாவட்ட வயல்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு வரப்புக்கு இப்பால் அனுமதியும் அப்பால் 10 ஆண்டுச் சிறையும் இருந்தால் எந்த ஆய்வாளராலும் அதை நடத்த முடியாது. ஹெம்ப்பின் மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பரவக்கூடியது என்பதால், அயலில் மறைவாக வளர்க்கப்படும் கஞ்சா, அடுத்த ஆண்டுக்காக எடுத்துவைக்கும் விதையின் குணத்தையே மாற்றிவிடலாம். எனவே சென்னையும் புதுச்சேரியும் ஒரே விதிமுறையை ஒரே நேரத்தில் வெளியிட்டால்தான் இது நடக்கும். ஒன்றியப் பிரதேசம் என்பதால் புதுச்சேரிக்கு நடுவண் அரசின் இசைவும் சேர வேண்டியிருக்கும். தாய்லாந்து 2022-இல் நார், மருந்து, போதை என்று பிரித்துப் பாராமல் மொத்தமாகத் தளர்த்தி, 2025-இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்று பின்வாங்க நேர்ந்தது.

விவசாயியைப் பாதுகாக்கும் வரி ஒன்று அந்த விதிமுறையில் கட்டாயம் இருக்க வேண்டும். சான்றுபெற்ற விதையை வாங்கி விதைத்தவருடைய பயிரில் டிஎச்சி 0.4 சதவீதம் என்று வந்தால் என்ன ஆகும்? பயிரை அழிக்க வேண்டும் என்பது எங்கும் உள்ள விதி. ஆனால் நம் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, குற்ற எண்ணம் இருந்ததாகவே முதலில் கொண்டு, இல்லை என்று மெய்ப்பிக்கும் பாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் வைக்கிறது. அமெரிக்க விதிமுறையில், உரிய கவனத்தோடு பயிரிட்டு 1 சதவீதத்தைத் தாண்டாதவரை அது விவசாயியின் அலட்சியமாகக்கூடக் கருதப்படாது. அத்தகைய காப்பும், அழித்த பயிருக்கு விதை தந்தவரிடமிருந்து இழப்பீடும் எழுதப்படாமல் வெறும் உரிமம் மட்டும் கொடுக்கப்படுமானால், இரண்டு ஏக்கர்காரர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டாயிரத்துப் பத்துக்கு முந்தைய ஆண்டுகளில் பயோடீசல் என்ற பெயரில் காட்டாமணக்கு தமிழ்நாடெங்கும் பரப்பப்பட்டது. தேர்ந்த ரகம் இல்லை, சொன்ன விளைச்சல் இல்லை, வாங்க ஆளில்லை. நட்டவர்களே பிடுங்கி எறிந்தார்கள். அதே கடலூர் மாவட்டத்தில் சவுக்கு நின்றதற்குக் காரணம், காகித ஆலைகள் கன்றும் கொள்முதல் உறுதியும் கொடுத்ததுதான். இந்த இரண்டு அனுபவங்களும் ஹெம்ப்புக்கு வரிசையைக் காட்டுகின்றன. முதலில் 14-ஆம் பிரிவின்கீழ் அரசு நிறுவனங்களுக்கு மட்டும் ஆய்வு அனுமதி: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம், பாலூர் ஆராய்ச்சி நிலையங்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம், காரைக்காலின் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி ஆகியவற்றில் வேலியிட்ட நிலத்தில் யுன்னான், தாய்லாந்து, இமயமலை ரகங்களை அருகருகே நட்டு, பூக்கும் நாள், உயரம், விதை எடை, டிஎச்சி அளவு ஆகியவற்றை மூன்று தைப் பட்டங்களுக்காவது பதிவு செய்ய வேண்டும். தேறிய ரகம் கிடைத்தபின் எண்ணெய் ஆலைகளோடு விலை எழுதிய ஒப்பந்தத்தில் விதைப்பயிர். அது ஓரளவு நிலைத்தபின் நாருக்கான ஆலை. தமிழ்நாடு அரசு 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வெளியிட்டுவருகிறது. இந்த ஆய்வுக்கு வேண்டிய தொகை அதில் ஒரு சிறு வரி அளவுக்குத்தான் இருக்கும்.